பந்தியில் பிடுங்கிய இன்ஹேலர்

வெள்ளிக்கிழமை தங்கச்சிமடம் கல்யாணப் பந்தியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நம் குடும்ப வாட்ஸ்அப் குழு சொல்லியிருக்கும். ஆஸ்துமா உள்ள என் மகள் கையிலிருந்து இன்ஹேலரைப் பிடுங்கிய மாமாவுக்குத்தான் இது. மரியாதையாகத்தான் எழுதுகிறேன்.

"ஸ்டீராய்டு, பழகினா விடாது" என்றீர்கள். அவள் அப்போது இழுத்தது ஸ்டீராய்டே இல்லை மாமா. சால்பியூட்டமால், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சட்டென்று விரிக்கிற மருந்து. ஸ்டீராய்டு வீட்டில் இருக்கிறது: காலையும் இரவும் 200 மைக்ரோகிராம் புடசனைடு, அது வேறு இன்ஹேலர். குழாயின் உள்வீக்கத்தை அடக்கி வைப்பது அதுதான். அதை விட்டுவிட்டு சால்பியூட்டமாலை மட்டும் நம்பாதீர்கள் என்று கினா என்கிற சர்வதேச ஆஸ்துமா அமைப்பு 2019இலேயே சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு என்ன செய்யும் என்று எனக்கா தெரியாது? அப்பா கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேலத்தை அடுக்கி மண் பூசிவிட்டு நாள்கணக்கில் புகைக்குள்ளேயே நிற்பார். இழுப்பு வந்தால் மெடிக்கலில் பிரட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வருஷக்கணக்கில் விழுங்கினார். முகம் உப்பியது. "உடம்பு தேறிட்டீங்களே மச்சான்" என்றது நீங்கள்தான். அப்புறம் சர்க்கரை, கண்புரை. ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பும் போனது. அந்தப் பொட்டலத்தை யாரும் பிடுங்கவில்லை.

அது மில்லிகிராம், இது மைக்ரோகிராம். அது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுவது, இது நேராக நுரையீரலுக்குப் போவது.

"அப்போ இன்ஹேலரில் கெடுதலே இல்லையா" என்று கமென்டில் வருவீர்கள். இருக்கிறது. இழுத்ததும் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கரகரக்கும். வளரும் பிள்ளைக்கு உயரம் ஒரு சென்டிமீட்டர் போலக் குறையலாம். வாடைக்காற்று அடிக்கும் ராத்திரியில் பிள்ளையின் விலா உள்வாங்குவதைப் பார்த்தவளிடம் வந்து அந்த ஒரு சென்டிமீட்டரைப் பேசுங்கள்.

எல்லா மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பவளும் இல்லை நான். மான்டெலுகாஸ்ட் என்கிற ஆஸ்துமா மாத்திரை ஆரம்பித்ததும் கெட்ட கனவு கண்டு அலறினாள். டாக்டரிடம் சொல்லி நிறுத்தினோம். மனநிலையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் கட்டம் கட்டி எச்சரித்த மருந்து. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாத்திரையாயிற்றே!

ஆடாதொடை பற்றி எழுதப் போகிறவர்களுக்கு: எங்கள் வீட்டிலும் கஷாயம் உண்டு. குடியுங்கள். இன்ஹேலரில் கை வைக்காதீர்கள்.

சரி, உங்கள் கவலை ஸ்டீராய்டும் இல்லை. "பொம்பளப் பிள்ள, நாலு பேர் முன்னாடி இத எடுக்கலாமா" என்று அத்தை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த பத்து வயதுப் பிள்ளைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஸ்பேசரை, அதாவது இன்ஹேலரை மாட்டி இழுக்கிற குழாயை, எடுத்துப் போகவில்லை அவள். இன்ஹேலரை மட்டும் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். ஸ்பேசர் பெரிதாம், மறைக்க முடியாதாம்.