‘ஊத மாட்டேன்’ என்று அடம்பிடிப்பவர்களுக்கு

“குடிச்சிருக்கீங்களான்னு பார்க்க போலீஸ் மறித்தால் கருவியில் ஊதாதீங்க, சட்டப்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது” என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. இதை நம்பி வாயை மூடிக்கொண்டால் கேஸ் இன்னும் இறுகத்தான் செய்யும்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 203-ஐப் படியுங்கள். குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்து, நீங்கள் ஊத மறுத்தால், வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஸ்டேஷனுக்குப் போனபின் 204-ன்படி ரத்தம் கேட்கலாம். அதற்கும் மறுத்தால், தக்க காரணம் காட்டாதவரை, அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு வலு சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் கருதலாம் என்கிறது 205. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சாசனம் 20(3)-ஐ இழுக்கிறவர்களும் உண்டு. கைரேகை, கையெழுத்து மாதிரிகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மூச்சும் ரத்தமும் அந்த ரகம்தான். ஆனால் “எவ்வளவு குடிச்சே?” என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. பெயர், லைசென்ஸ், ஆர்.சி. கொடுங்கள், டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும்.

சண்டை போட வேண்டிய இடம் அந்த ஊதும் கருவி (ப்ரீத் அனலைசர்). பலர் கான்ஸ்டபிளோடு மல்லுக்கு நிற்கிறார்கள், கருவியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் ஊதும் முன் அது வெறும் காற்றை இழுத்து பூஜ்ஜியம் காட்ட வேண்டும். முன்பு ஊதியவரின் மிச்சம் உள்ளே தங்கியிருந்தால் அதுவும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். இந்த வெற்றுச் சோதனையில் பூஜ்ஜியம் வராததாலேயே 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் ஒருவர் மீதான குடிபோதைக் குற்றச்சாட்டை ரத்து செய்தது. ஊதுகுழல் புதிதாக, உறை பிரிக்காததாக இருக்கிறதா என்று பாருங்கள். மவுத்வாஷ் கொப்பளித்திருந்தாலோ, ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தாலோ, அப்போதுதான் ஏப்பம் வந்திருந்தாலோ உடனே சொல்லி 15 நிமிடம் கழித்து ஊதக் கேளுங்கள். கருவி நுரையீரலின் ஆழத்துக் காற்றை வைத்துத்தான் ரத்தத்தில் எவ்வளவு என்று கணக்கிடுகிறது. வாயில் தங்கிய ஆல்கஹால் அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். கடைசியாக, பிரிண்ட் அவுட். தேதி, நேரம், கருவி எண், வெற்றுச் சோதனை, உங்கள் அளவு எல்லாம் அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதற்குக் கீழே என்றால் குடித்து ஓட்டுவதற்கான பிரிவு 185-ன் இந்த அளவுக் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள். வாசனை அடித்தது, தள்ளாடினார், பேச்சு குழறியது என்பது மட்டும் போதாது என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு மகாராஷ்டிர வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்காக 30 ஏதோ தாராளமான அளவு என்று நினைத்துவிடாதீர்கள். 70 கிலோ ஆண் 60 மில்லி விஸ்கி ஒரே மூச்சில் குடித்தால் சுமார் 40-ஐத் தொடுவார். ஒரு குவார்ட்டர் என்றால் 120-ஐத் தாண்டும். உடல் மணிக்கு ஏறத்தாழ 15 தான் கழிக்கும். ராத்திரி 11 மணிக்குக் குவார்ட்டர் முடித்தவர் காலை 5 மணிக்கு பைக் எடுத்தாலும் மாட்டலாம். “தூங்கி எழுந்துட்டேனே சார்” என்பதைக் கருவி கேட்காது.

கைது செய்தால் அடுத்தது கடிகாரம். 185-ல் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், தவறினால் காவலிலிருந்து விட வேண்டும் என்கிறது 202. ஆகவே கைதான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்பு தர வேண்டும் என்பது 203(5). கருவியின் அளவு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் ரத்தப் பரிசோதனையை நீங்களே எழுத்தில் கேளுங்கள். என் கருத்தில் குடிக்காதவருக்கு இதைவிடப் பெரிய காப்பு இல்லை. பெண்ணிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், வக்கீலுக்கும் வீட்டுக்கும் சொல்லலாம்.

பணத்தை ரோட்டிலேயே கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இணக்கத் தீர்வுக்குரிய குற்றங்களை அடுக்கும் பிரிவு 200-ல் 185 இல்லை. முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு, 15,000. முடிவு செய்வது மாஜிஸ்திரேட்.

லைசென்ஸை வாங்கினால் ரசீது தர வேண்டும், ஆனால் அந்த ரசீதை வைத்து வண்டி ஓட்ட முடியாது. வண்டி விஷயத்தில் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல் தெளிவாகச் சொன்னது: குடித்தார் என்பதற்காக மட்டும் பறிமுதல் கூடாது, உடன் வந்தவர் குடிக்காமல், லைசென்ஸ் வைத்திருந்தால் அவரிடம் கொடு. தமிழ்நாட்டை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டிக் கேட்கலாம். போன் போட்டு வரவழைக்கிற மச்சானும் குடிக்காமல், லைசென்ஸோடு வரட்டும். அவரையும் ஊதச் சொல்வார்கள்.