இந்த மே மாதம் 'செத்த காலேஜு'க்குப் போவோம்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் "லீவுக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம்?" என்று யாராவது கேட்டால், அடுத்த நிமிடமே ஏதாவது ஒரு மாலின் பெயர் வந்து விழுகிறது. போன வருடம் நாங்களும் ஒரு மாலுக்குப் போனோம். நான்கு பேர் சாப்பாடு, பிள்ளைகளுக்கு இரண்டு விளையாட்டு, வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. கொண்டுபோன தண்ணீர் பாட்டிலையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாதக் கடைசி வேறு. அந்த வாரம் முழுக்கக் கணக்குப் பார்த்துத்தான் காய்கறி வாங்கினேன்.

இந்த வருடம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். என் மாமியார் அதை இன்றும் செத்த காலேஜு என்றுதான் சொல்வார். பாடம் செய்த செத்த விலங்குகள் இருப்பதால் 'செத்த'; 1851-இல் கல்லூரி சாலையில் இருந்த ஒரு கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியதால் அந்தக் 'காலேஜு' ஒட்டிக்கொண்டது. பிறகு எழும்பூருக்கு மாறிய அருங்காட்சியக வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார்கள். அது உயிர் காலேஜு. அதுதான் இடம் மாறி மாறி 1985-இல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தது. கையில் நாலு காசுடன் பட்டணம் பார்க்க வந்த குடும்பங்கள் எத்தனை தலைமுறையாக இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன!

எனக்கும் மகளுக்கும் வெள்ளை போர்டு போட்ட சாதாரண அரசு பஸ்ஸில் கட்டணம் கிடையாது, பெண்களுக்கு இலவசம். 2021-இல் வந்த இந்த ஏற்பாட்டை வேலைக்குப் போகும் பெண்களுக்கானது என்று மட்டும்தான் பேசுகிறோம். பிள்ளைகளோடு ஊர் சுற்றவும் அது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

திமிங்கில எலும்புக்கூட்டின் வால் பக்கத்திலிருந்து தலை வரை சின்னவன் அடி மேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தான். நடுவில் எண் தப்பிவிட்டது. மறுபடியும் வாலுக்கே ஓடினான். இப்படி மூன்று தடவை. "இத யாரும்மா தூக்கிட்டு வந்தாங்க?" என்று கேட்டான். வெண்கலக் காட்சிக்கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்ததும் பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலைத் தூக்கி அப்படியே நின்று பார்த்தாள். தள்ளாடினாள். அங்கே காவலுக்கு இருந்த அம்மா பக்கத்தில் வந்து, "கைய இப்படி வைடா கண்ணு" என்று அவள் கையை மெல்லத் திருப்பிவிட்டார். மாலில் அவளிடம் பேசியவர்கள் எல்லாம் ஏதாவது விற்க வந்தவர்கள்தான்.

ஏசி இருந்தால்தான் பிள்ளைகள் தாங்குவார்கள் என்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-இல் திறந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. சிறுவர் பகுதியில் ஒரு செயற்கை மரமே நிற்கிறது. அதன் கீழே உட்கார்ந்து படம் பார்த்தாலும் போதும், நேரம் போவது தெரியாது.

ஆனால் ஒரு விஷயம் மனதைப் போட்டு அரிக்கிறது. அருங்காட்சியகம் மாலை 5 மணிக்கு மூடுகிறது. மே மாதத்தில் வெயில் தாழ்வதே 5 மணிக்குத்தானே? வேலை முடிந்து பெற்றோர் வீட்டுக்கு வர ஆறு, ஏழு ஆகிவிடுகிறது. ஏப்ரல், மே இரண்டு மாதமாவது இரவு 8 மணி வரை திறந்து வைத்தால் எத்தனை குடும்பங்கள் வரும்! மாநகராட்சிப் பூங்காக்களையும் நண்பகலில் பூட்டிவிடக் கூடாது. பூட்டினால், மரநிழல் தேவைப்படும் நேரத்தில் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். மெரினாவுக்குப் பெண் குழந்தையைக் கூட்டிப்போகும் அம்மாக்களுக்குத் தெரியும், அங்கே சுத்தமான கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று. நிழல், குடிதண்ணீர், கழிப்பறை, சாயங்கால நேரம். புதிதாக எதுவும் கட்ட வேண்டாம், இருக்கிற இடங்களில் இந்த நாலும் இருந்தாலே போதும். இதை நாம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முதலில் அங்கே போக வேண்டும். யாரும் வராத இடத்துக்கு யார் குடிதண்ணீர்க் குழாய் போடுவார்கள்?

போகிறவர்கள் விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, வண்டலூருக்குச் செவ்வாய், மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள்.

வரும் ஞாயிறு நாங்கள் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் போகிறோம். டிக்கெட் தலைக்குப் பத்து ரூபாயைத் தாண்டாது. ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம்தான். மேலே ஏற லிஃப்ட் இருக்கிறது, வயதானவர்களையும் கூட்டி வரலாம். இறங்கி வந்து, வெயில் தாழ்ந்ததும் மணலில் உட்கார்ந்து சாப்பாடு. யாராவது வருவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், புளிசாதம் கூடுதலாகக் கிளறிவிடுகிறேன்.