மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

போன தீபாவளி விடியற்காலையில் அம்மா எனக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டே இருந்த கை திடீரென்று நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், உள்ளங்கையில் சேர்ந்திருந்த முடியை எனக்குத் தெரியாமல் சுருட்டிச் சேலை முந்தானையில் மறைத்துக்கொண்டிருந்தார். நல்ல நாளில் என்னை அழவைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். எனக்கு அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

அடுத்த இரண்டு வாரமும் யாங்கோனில் எனக்குத் தெரிந்த எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்றார் ஒருவர். ஷாம்பு என்றார் இன்னொருவர். தெய்ஞ்சி சந்தைக்குப் போய் (எங்கள் பெரியவர்களுக்கு அது இன்னும் சூரத்தி பஜார்தான்) பர்மியர்கள் தலை அலசும் தயோ மரப் பட்டையும் கின்பூனும் வாங்கி வந்து காய்ச்சித் தலை அலசினேன். கின்பூன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காயேதான். அருமையாக அழுக்கெடுக்கும், தலை குளிர்ந்து போகும். ஆனால் எந்த ஷாம்புவும் எந்தச் சீயக்காயும் தோலுக்கு அடியில் இருக்கும் வேர் வரைக்கும் போவதில்லை. கடைசியில், முடிக்கென்றே நடத்தும் ஓர் இடத்துக்குப் போனேன். கேமராவில் என் தலையைப் பெரிதாகக் காட்டிப் பயமுறுத்தி, ஆறு மாதச் சிகிச்சை என்று ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள். உனக்குக் காய்ச்சல் ஏதும் வந்ததா என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குக் கோபம் அதில்தான்.

பிறகு பார்த்த தோல் மருத்துவர் என் தலையைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி: "மூணு நாலு மாசத்துக்கு முன்னால உடம்புக்கு ஏதாவது வந்துச்சாம்மா?"

வந்தது. ஜூலையில் டெங்கு. ஐந்து நாள் நெருப்பாய்க் காய்ச்சல்.

அவர் விளக்கியதை இங்கே எழுதத்தான் இந்தப் பதிவு. நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டே இருக்கும், மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, இரண்டு முதல் ஆறு வருடம் வரை. மீதி ஓய்வில் இருக்கும். ஓய்வு சுமார் மூன்று மாதம், அதன்பின் உதிர்ந்து, அதே குழியிலிருந்து புதுமுடி கிளம்பும். அதனால்தான் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது, பெரிய துக்கம், இப்படி எது வந்தாலும் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அவை எல்லாம் இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தாற்போல உதிர்கின்றன. அதற்குள் நாம் காய்ச்சலையே மறந்திருப்போம்! நேற்று வாங்கிய ஷாம்புவைத் திட்டுவோம். இங்கே மழைக்காலத்தில்தான் டெங்கு அதிகம். மழை முடிகிற சமயத்தில் முடி கொட்டினால் பழி தண்ணீர்மேல் விழுகிறது.

என் பாட்டி சொல்வார், "பிள்ளை முகம் பார்த்துச் சிரிச்சா தாய்க்கு முடி கொட்டும்" என்று. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மூன்று மாதத்தில். கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் தாங்கிப் பிடித்திருந்த முடியெல்லாம் பிரசவம் முடிந்து உதிர ஆரம்பிப்பதும் அதே சமயத்தில்தான். பாட்டி காலத்தைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். குழந்தையின் சிரிப்பு காரணமில்லை, அவ்வளவுதான்.

இந்த வகைக் கொட்டலில் வேர் சாவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். எனக்கும் அப்படியே அடங்கியது. இந்தப் பங்குனியில் நெற்றியோரம் எல்லாம் குட்டிக் குட்டி முடி நட்டுக்கொண்டு நின்றது. அந்த ஆறு மாதச் சிகிச்சையை நான் தொடர்ந்திருந்தால் புகழ் முழுவதும் அவர்களுக்குப் போயிருக்கும்.

ஆனால் எல்லாக் கொட்டலும் இப்படி இல்லை. என் அண்ணன் மகனுக்கு 26 வயது. கோயிலுக்குள்கூடத் தொப்பியைக் கழற்றத் தயங்குகிறான். "தொப்பி போடுறதாலயா அத்தை?" என்று கேட்டான். இல்லை. அவனுக்கு இருப்பது பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோன் மாறி உண்டாகும் டி.ஹெச்.டி. என்ற ஹார்மோனுக்கு அவன் முடிக்குழிகள் இடம் கொடுக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடி ஆகிவிடும். ஆண்களுக்கு நெற்றி இரு பக்கமும் ஏறும், உச்சி தெரியும். பெண்களுக்கும் இது வரும், ஆனால் முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகும். தாய்மாமனைப் பார்த்து மட்டும் கணக்குப் போட முடியாது. அப்பா வழியிலிருந்தும் வரும்.

இதற்கு எண்ணெயோ வெங்காயச் சாறோ போதாது. மருந்து உண்டு. மினாக்ஸிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்தது. 1988இல் அமெரிக்காவில் அதைத் தலையில் தடவ அனுமதித்தார்கள். தடவ ஆரம்பித்த முதல் சில வாரம் கொட்டல் கூடலாம், பலர் அங்கேயே பயந்து விட்டுவிடுகிறார்கள். நாலு முதல் ஆறு மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும், நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். ஃபினாஸ்டெரைடு மாத்திரை ஆண்களுக்கு. சிலருக்குத் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. இங்கே மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கிறது என்பதற்காக வாங்கி விழுங்காதீர்கள்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்கிறார்களே, இந்த நாட்டில் பர்மியப் பையன்கள் பெரும்பாலும் சின்ன வயதில் ஷின்ப்யூ என்ற, புத்த மடத்தில் இளந்துறவியாகச் சேர்க்கும் சடங்கில் மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். பெரியவர்களானதும் அவர்களுக்கும் வழுக்கை விழத்தான் செய்கிறது. முளைக்கும் முடியின் நுனி வெட்டுப்பட்டு மொண்ணையாக இருப்பதால் தடிமனாகத் தெரிகிறது. இங்குள்ள பீலிக்கான் கோயில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்குவது வேண்டுதல், அதைப் பக்தியோடு செய்வோம். மருந்தாக நினைக்க வேண்டாம்.

புழுவெட்டில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. காசளவு வட்டமாக விழும். பல பேருக்கு மறுபடி முளைக்கும், அதனால்தான் எதைத் தேய்த்தாலும் பலித்ததுபோல இருக்கிறது. இதையெல்லாம்விட அவசரமானது ஒன்று உண்டு: முடி போன இடம் வழுவழுவென்று பளபளத்து, குழியே தெரியாமல், எரிச்சலோ வலியோ இருந்தால் அங்கே தழும்பு விழுந்துகொண்டிருக்கலாம். தழும்பு விழுந்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

பெண்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் "என்னம்மா, முடியெல்லாம் போயிடுச்சே" என்று சத்தமாகக் கேட்கும் அக்காமார்களே, அதற்குப் பதிலாக "மாதவிடாய் அதிகமாப் போகுதா, களைப்பா இருக்கா" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். என் தங்கை மகளுக்கு இரண்டு வருடமாகக் கொட்டியது. இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது மருத்துவர்தான் தைராய்டையும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொன்னார். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே இது காலியாகிவிடும். அவள் உடம்பில் அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. முடிக்கு நல்லது என்று அவள் விழுங்கிக்கொண்டிருந்த பயோட்டின் வைட்டமினையும் சோதனைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார், அது தைராய்டு முடிவையே தப்பாகக் காட்டிவிடுமாம்.

இரும்பு மாத்திரை ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. வகிடு இன்னும் பழையபடி ஆகவில்லை. சீப்பில் வருவது குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதும் நின்றுவிட்டது என்று போன வாரம் சொன்னாள். அது அவளுக்கு ஒரு நோய் என்றே இதுவரை தெரியாது.