கிளட்ச் பெடலில் ஆட்டமே இருக்கக் கூடாதா? பரவும் செய்தி தவறு

“பழைய டிராக்டரில் கிளட்ச் நழுவினால் (இன்ஜின் விசை சக்கரத்துக்கு முழுதாகப் போகாவிட்டால்), பெடலில் துளி ஆட்டமும் இல்லாதபடி ராடை (பெடலைக் கிளட்ச்சுடன் இணைக்கும் கம்பியை) இறுக்குங்கள், மெக்கானிக் தேவையில்லை” என்றொரு வாட்ஸ்அப் செய்தி கோபி, பொள்ளாச்சிப் பக்க உழவர் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. உழவு நேரத்தில் பரவுவதால் கேடும் அதிகம்.

பெடலில் கொஞ்சம் வெற்று ஆட்டம், அதாவது எதிர்ப்பு தட்டும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், எந்நேரமும் கிளட்ச் விரல்களில் (அது தள்ளும் சிறு நெம்புகளில்) உரசிக்கொண்டிருக்கும். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் பிடி தளரும். நழுவல் கூடி, கிளட்ச் பிளேட் கருகும். பிளேட் தேயத் தேய அந்த ஆட்டம் தானாகவே குறையும். ஆகவே நழுவும் வண்டியில் முதலில் செய்ய வேண்டியது ஆட்டத்தை மீட்பதுதான். செய்தி சொல்வது இதற்கு நேர் எதிர்!

இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பு தட்டும் வரை உள்ள தூரமே ஆட்டம். அளவு மாடலுக்கு மாடல் மாறும். வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆட்டம் மிகுந்தால் கிளட்ச் முழுமையாக விடுபடாது, கியர் போடும்போது கறகறக்கும். சரியான ஆட்டம் இருந்தும் நழுவினால் பிளேட் தேய்ந்திருக்கலாம், அல்லது ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம்; ராடைத் திருகிப் பயனில்லை, பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகமிருந்தால் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.