ஆபிராம் தூங்கிக்கொண்டிருந்தபோது

ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் நம் பிரசங்கிமாருக்குப் பிடித்தது ஆறாம் வசனம்: "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." விசுவாசத்தைப் பற்றிய செய்தி என்றால் பெரும்பாலும் அங்கே போய் நின்றுவிடும். பதினேழாம் வசனம் வரை நம்மை அழைத்துப் போயிருந்தால், சபைகளில் இன்று புழங்கும் உபதேசத்தில் பாதி முளைத்தே இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆறாம் வசனத்தில் விசுவாசித்த ஆபிராமே (பின்னாளில் ஆபிரகாம்) எட்டாம் வசனத்தில், நீர் வாக்குக் கொடுத்த தேசம் எனக்குக் கிடைக்கும் என்று எதினால் அறிவேன் என்று கேட்கிறான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். பறவைகளை விட்டுவிட்டு மற்றவற்றை நடுவாகத் துண்டித்து, எதிரெதிராக வைக்கிறான் ஆபிராம். இறைச்சி கிடந்தால் பறவைகள் சும்மா இருக்குமா? உடல்கள்மேல் வந்து இறங்குகின்றன. ஆபிராம் அவற்றைத் துரத்துகிறான். வெயிலில், ரத்த வாடையில், கையை வீசி விரட்டிக்கொண்டிருக்கும் முதியவன். விசுவாசத் தகப்பனின் இந்தப் படத்தை எந்த ஞாயிறு பள்ளிச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்பவர்கள் துண்டங்களுக்கு நடுவே நடப்பது வெறும் சடங்கல்ல. வாக்கை மீறினால் எனக்கும் இந்தக் கதி நேரட்டும் என்று தன்மேல் சாபம் கூறிக்கொள்வது. சிரியாவில் அலெப்போவுக்கு அருகே செஃபிரேயில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டில், இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல மத்தியேல் என்ற அரசனும் வெட்டப்படுவான் என்றே ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறது. பலவீனமான அரசன்தான் பொதுவாக இப்படிச் சாபத்துக்குள் நிற்பான். பேரரசனுக்கு அந்த அவசியம் இல்லை.

இங்கே நடப்பது தலைகீழ். சூரியன் அஸ்தமிக்கும் நேரத்தில் ஆபிராமுக்கு அயர்ந்த நித்திரை வருகிறது. இருட்டிய பிறகு புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. அவை தேவனுடைய பிரசன்னத்தின் அடையாளம். நடந்தவர் தேவன் ஒருவரே. ஆபிராமை நடக்கச் சொல்லவே இல்லை. மீறினால் வரும் சாபத்தை அவர் தம்மேல் மட்டும் ஏற்றுக்கொண்டார். இயேசு சிலுவையில் மரித்த கல்வாரியை இந்த இரவோடு சேர்த்துப் படிக்காமல் எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. புதிய உடன்படிக்கை தம் இரத்தத்தினாலாகியது என்று பாத்திரத்தை எடுத்து இயேசு சொன்னபோது, சீஷர்கள் பந்தியில் இருந்து வாங்கிக் குடித்ததைத் தவிர என்ன செய்தார்கள்? அன்றிரவே ஓடியும் போனார்கள்.

இப்போது நம் மேடைகளுக்கு வருகிறேன். இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுப்பாய். இத்தனை நாள் உபவாசித்தால் கதவு திறக்கும். தேவனை ஒப்பந்தக்காரராகவும் விசுவாசத்தை நம் பக்கத்து முன்பணமாகவும் ஆக்கிவிட்டோம். இதை வெறும் அறியாமை என்று விட்டுவிட என்னால் முடியாது, இதன் கொடூரத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு தாய் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அடக்கம் முடிந்து வீட்டில் கூடியிருந்தபோது, ஜெபிக்க வந்த ஒரு ஊழியர், விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். அதன்பிறகு அந்த அம்மா, எந்த ராத்திரி நான் சந்தேகப்பட்டேன், மூன்றாவது கீமோவுக்கு முந்தின ராத்திரியா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரிடம் யாராவது பதினாறாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டியிருக்கலாம். இத்தனை பெரிய இரவுக்கு அடுத்த அதிகாரத்திலேயே வாக்களிக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கப் பொறுமை இழந்து, ஆபிராம் மனைவியின் வேலைக்காரி ஆகாரைச் சேர்கிறான். 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்டவனுக்கு அந்த வாக்கின் மகன் ஈசாக்கு பிறக்கும்போது வயது 100. வாக்குக் கொடுக்கப்பட்ட தேசத்திலோ, மனைவி சாராளை அடக்கம்பண்ண மக்பேலா நிலத்தை 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துத்தான் வாங்குகிறான். அவன் விசுவாசத்தில் ஓட்டை இல்லையா? இருந்தது. உடன்படிக்கை அந்த ஓட்டை வழியாக ஒழுகிப் போகவில்லை.

அப்படியானால் நாம் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார். எரேமியா 34ஐப் படியுங்கள். பாபிலோன் எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் கன்றுக்குட்டியை வெட்டி, துண்டுகளின் நடுவே நடந்து, எபிரெய அடிமைகளை விடுதலையாக்கினார்கள். முற்றுகை தளர்ந்ததும் அதே ஆட்களைத் திரும்பப் பிடித்து அடிமைப்படுத்தினார்கள். கர்த்தருடைய கோபம் அங்கே எப்படி எரிகிறது என்று பாருங்கள். உபவாசக் கணக்கு குறைந்ததற்காக எரியவில்லை. வேலைக்காரனுக்குக் கொடுத்த வாக்கைத் தின்றதற்காக எரிந்தது. கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு காணிக்கைப் பையில் கட்டாகப் போடுகிற நம் பெரிய மனிதர்களுக்கு இந்த அதிகாரத்தை யார் வாசித்துக் காட்டுவது?

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை (புது வருடத்துக்கான வேத வசனம் அச்சிட்ட அட்டை) எடுக்கும் வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? எடுத்ததைப் படித்துவிட்டு, முகம் சுருங்கி, யாரும் பார்க்காதபோது தட்டில் போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தின வசனமோ, 70 வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறது. கடிதம் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்றது அதே கடிதம்.

மெதடிஸ்டு வழிவந்த சபைகளில் வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை என்று ஒன்று உண்டு. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கி வைத்தது. நிறைவானாலும் வெறுமையானாலும், பயன்படுத்தினாலும் ஒதுக்கி வைத்தாலும் நான் உம்முடையவன் என்பதே அதில் வரும் ஜெபத்தின் சாரம். அந்த ஜெபத்தை அட்டையில் அச்சிட்டு ஒருவர் எடுத்தால், திரும்பத் தட்டில் போட்டுவிடுவார் என்றே நினைக்கிறேன்.

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வருடம் அச்சுக்குக் கொடுக்கும் கமிட்டியாரிடம் ஒரே விண்ணப்பம்: 29:11 போடுகிற அட்டையில் 29:10ஐயும் சேர்த்துப் போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் போதும்.