பாத்ரூம் வாசல்ல மாட்ற வெள்ளை டப்பா கேமரா இல்லீங்க

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வாட்ஸப் குரூப்புல ஒரு மெசேஜ் சுத்திட்டிருக்கு, தனியா இருக்குற வயசானவங்க நடமாடுறாங்களான்னு புள்ளைங்களுக்குச் சொல்ல வீட்ல மாட்ற சென்சார்ல ரகசிய கேமரா இருக்கு, குளிக்கிறது வரைக்கும் ரெக்கார்ட் ஆவுதுன்னு. சுத்தப் பொய். அதுல இருக்குறது பி.ஐ.ஆர். சென்சார், உடம்புலேர்ந்து வர்ற வெப்பக்கதிர் நகருதான்னு மட்டும்தான் பாக்கும், நடக்குறது ஆயாவா பேரனான்னு கூட அதுக்குத் தெரியாது. முன்னாடி குமிழ் மாதிரி இருக்குதே, அதத்தான் வட்டம் போட்டு கேமரா கண்ணுன்னு அனுப்புறாங்க, அது வெப்பத்தக் குவிக்கிற பிளாஸ்டிக் லென்ஸ், படம்லாம் புடிக்காது. கதவுல ஒட்டுறது வெறும் காந்தமும் சுவிட்சும். ஜப்பான்ல ஸோஜிருஷி கம்பெனி 2001லயே சுடுதண்ணி கெட்டில்ல இந்த வேலைய பண்ணிட்டான், அம்மா டீக்கு தண்ணி எடுத்தாங்களான்னு புள்ளைக்கு மெயில் போவும், அவ்ளோதான்.

நெஜமான கொறைய மட்டும் யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்றாங்க. மே மாசத்துல ஷீட்டு போட்ட வீடு 36, 37 டிகிரிக்கு கொதிக்கும்போது உடம்பு சூடும் சுவரு சூடும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும், சென்சார் ஆள கோட்டை விட்டுடலாம், அதனால வெயில் காலத்துல ஒரு ஃபோனும் போட்ருங்க. கேமரா வெச்ச மாடல் தனியா விக்குது, வாங்குறப்ப அட்டைய படிங்க.