இரவில் குப்பையை வெளியே வைக்காத ஊர்

அலாஸ்காவில் இருந்து வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. இன்னும் இங்கே மட்டக்களப்பில், கோயிலில், கலியாண வீட்டில், கல்லடிப் பாலத்தடியில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான். "பனிமலை பார்த்தீங்களா? கரடி பார்த்தீங்களா?" பனிமலை பார்த்தேன். கரடி பார்க்கக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மூன்று கிழமையும் என் மனதைப் பிடித்து வைத்திருந்தது அங்கரேஜ் நகரமும், அங்கே வீட்டு வாசல்களில் நின்ற குப்பைத் தொட்டிகளும்தான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டேன். போன கிழமை தம்பியின் வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போய்வந்த பிறகு, இனியும் தள்ளிப் போடக் கூடாது என்று தோன்றியது.

அக்காவின் மகள் கலியாணம் முடித்து அங்கே போய் எட்டு வருடம். மருமகனுக்கு விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. அவர்கள் கூப்பிட்டுத்தான் ஜூன் மாதம் போனேன். போவதற்கு முன் அந்த ஊருக்குப் போனவர்கள் எழுதியதையெல்லாம் தேடி வாசித்தேன். முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒன்றுதான்: அகலமான வீதிகள், பெட்டி பெட்டியாகக் கட்டடங்கள், பெரிய கடைகள், பார்க்க ஒன்றுமில்லை, ஒரு இரவு தங்கிவிட்டு ரயிலேறி தெனாலி மலைப்பக்கம் போய்விடுங்கள். அந்த ஊர்க்காரரே சொல்லும் ஒரு வாசகமும் உண்டு. அங்கரேஜில் நல்ல விசயம் என்னவென்றால், அலாஸ்கா அங்கிருந்து இருபது நிமிடத் தூரம்தானாம்.

எனக்கு அது கொஞ்சம் வலித்தது. மட்டக்களப்பையும் அப்படித்தானே கடந்து போகிறார்கள். கொழும்பில் இருந்து வரும் வாகனம் பாசிக்குடாவில் நிற்கும், அல்லது நேரே அறுகம்பைக்குப் போகும். நடுவில் நாங்கள் இருக்கிறோம்.

ஒரு ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். அங்கரேஜ் மாநகர எல்லைக்குள் அடங்கும் பரப்பு நிலமும் நீரும் சேர்த்து ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீற்றர். எங்கள் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் வாவியோடு சேர்த்து 2,854 தான். அங்கே சனம் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பிலேயே ஐந்து லட்சத்துக்கு மேல். அந்த மாநகர எல்லைக்குள் சுகாச் என்ற மலைக்காடும் வருகிறது. கறுப்புக் கரடி, பழுப்புக் கரடி, ஓநாய், மூஸ் எல்லாம் அந்த எல்லைக்குள்தான். மூஸ் என்பதை எங்கள் காட்டு மரையை நினைத்துக்கொண்டு பல மடங்கு பெருப்பித்துப் பாருங்கள். வளர்ந்த கடா அறுநூறு எழுநூறு கிலோ வரும். குளிர்காலத்தில் ஆயிரம் அளவில் ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் இறங்கி நிற்குமாம்.

நான் போய் நாலாம் நாள் விடியற்காலை. விடியற்காலை என்பதே அங்கே பொருந்தாத சொல், ஜூனில் இரவு 11.40 வரை சூரியன் மறையாது, நாலரைக்குள் திரும்ப எழும்பிவிடும். வாசல் கதவைத் திறக்கப் போனேன். ஆறு வயதுப் பேத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அம்மம்மா, முதல்ல ஜன்னலால பாருங்க." பார்த்தால், முற்றத்தில் ஒரு தாய் மூஸ், இரண்டு கன்றுகளோடு. வேலியோரச் செடியை ஆறுதலாக மேய்ந்துகொண்டு நின்றது. முன்வீட்டு மனிதர் வேலைக்குப் போக உடுத்தி, பையோடு தன் கதவுக்கு உள்ளே நின்றார். ஹோர்ன் இல்லை, கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. முக்கால் மணித்தியாலம் அது நின்றது. முக்கால் மணித்தியாலம் அவரும் நின்றார். பிந்திப் போனதற்கு வேலையிடத்தில் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று மகள் சொன்னாள்.

அந்த இடைவேளையில் பேத்தி எனக்குப் பாடம் எடுத்தாள். மூஸ் காதைப் பின்னுக்கு மடித்தால், கழுத்து மயிர் சிலிர்த்தால் அதற்குக் கோபம். அப்படித் துரத்தினால் ஓடலாம், ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் ஒளியலாம். கரடி என்றால் ஓடவே கூடாது, நின்று பேசிப் பேசி மெல்லப் பின்வாங்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்துவிடாதீங்க அம்மம்மா என்று மூன்று தடவை சொன்னாள். ஆறு வயது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய வயது.

அன்று மாலைதான் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். மூடியில் கொளுவி போட்ட கனத்த தொட்டி. அடுத்த நாள் குப்பை எடுக்கும் நாள் என்பதால், இரவே வாசலில் வைத்துவிடலாமே என்று நான் இழுக்கப் போனேன். மருமகன் தடுத்தார். "மாமி, காலையில வைக்கலாம். இப்ப வைச்சா ராவுல கரடியைக் கூப்பிட்ட மாதிரி." அந்தத் தெருவில் இரவில் ஒரு தொட்டிகூட வெளியே நிற்கவில்லை. சித்திரை தொடங்கி ஐப்பசி வரை குருவிக்குத் தானியம் வைக்கும் கூட்டைக்கூடக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள், கரடி அதற்கும் வரும் என்பதால். கோழி வளர்ப்பவர்கள் கூட்டைச் சுற்றி மின்கம்பி போடுகிறார்கள். வனவிலங்குக்கு வேண்டுமென்று தீனி போட்டாலும் குற்றம். கவனயீனமாகக் குப்பையையோ உணவையோ விட்டுவைத்து அது வரக் காரணமானாலும் சட்டப்படி குற்றம்.

இந்த இரண்டாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. ருசி கண்ட கரடி திரும்ப வரும். திரும்பத் திரும்ப வருகிற கரடியைக் கடைசியில் சுட வேண்டி வரும். அங்கேயும் சுடுகிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு கரடி செத்தால், யாருடைய தொட்டி திறந்து கிடந்தது என்றுதான் ஊர் கேட்கிறது.

இன்னொரு சம்பவம். 1995 ஜனவரியில் அங்கரேஜ் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மூஸ் வந்திருக்கிறது. சில மாணவர்கள் அதற்குப் பனியுருண்டை எறிந்து சீண்டியிருக்கிறார்கள். அதன் பிறகு கட்டடத்துக்குள் போக வந்த 71 வயது மனிதர் ஒருவரை அது மிதித்துக் கொன்றது. எறிந்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எறியாதவர் செத்தார்.

இதை மகள் சொன்னபோது எனக்கு வெல்லாவெளிதான் நினைவுக்கு வந்தது. நான் பிறந்து வளர்ந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். எங்கள் பிழைப்பு முழுவதும் வேளாண்மை. அப்பா பரணில் காவலிருந்த இரவுகள் எத்தனையோ. அவர் யானை என்று சொல்ல மாட்டார், "பெரியவர்" என்றுதான் சொல்வார். பெரியவர் நிற்கிறார் என்றால் சைக்கிளைத் திருப்பி வந்துவிடுவார். இப்போது ராத்திரி வட்டைக்குள் வெடி, டோர்ச், தீப்பந்தம், கல். ஒரு பக்கத்து வட்டையில் இருந்து வெடி போட்டுத் துரத்தினால் அது அடுத்த வட்டைக்குள் போகிறது, அங்கிருந்து அடுத்த ஊருக்குள். விடியப்புறம் பால் கொண்டு போகிற ஒருவர், கடைக்குப் போகிற ஒரு தாய், அந்த வெறி பிடித்த விலங்கின் முன்னால் தனியே நிற்கிறார்கள். இலங்கையில் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் நூற்றுக்கணக்கான யானைகளும் இப்படிச் சாகிறார்கள். சீண்டியவன் ஒருவன், அடி வாங்குகிறவன் இன்னொருவன்.

சரி, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூஸ் ஒருவருடைய முற்றத்துச் செடியைத் தின்றால் அவருக்கு நட்டம் ஒரு செடி. யானை ஒரு இரவில் தம்பியின் மூன்று ஏக்கரை மிதித்தால், நகை அடகு வைத்து எடுத்த விதைநெல்லும் பசளையும் போய்விட்டது. அங்கே முக்கால் மணித்தியாலம் கதவுக்குள் நின்ற மனிதரின் பொறுமையை, வட்டையில் நிற்கிற விவசாயியிடம் கேட்க எனக்கு வாய் வராது. கேட்கவும் கூடாது. நான் கேட்பது எங்களிடம், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் யானையைப் படத்தில் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிற எங்களிடம்.

அம்பாறைக்குப் பக்கத்தில் பள்ளக்காடு என்று ஒரு குப்பை மேடு இருக்கிறது. அயலூர்கள் பலவற்றின் குப்பை அங்கே போய்ச் சேருகிறது. காட்டுயானைகள் கூட்டமாக வந்து அதைக் கிளறித் தின்னும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 8 வருடத்தில் ஏறக்குறைய 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று செத்தன என்று 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் இருந்தது பொலித்தீனும் சாப்பாட்டுப் பொதி உறைகளும். நாங்கள் மத்தியானம் சோற்றுப்பார்சல் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுச் சுருட்டி எறிகிற அதே தாள். எறிந்த கையோடு எங்கள் வேலை முடிந்தது. அந்தக் குப்பையில் உப்பும் இனிப்பும் பழகிய யானை, காட்டுக்குள் திரும்பிப் போகாமல் ஊர் விளிம்பிலேயே நிற்கிறது. அந்த விளிம்பில் வீடு கட்டியிருப்பவன் ஏழை.

அம்பாறை நகரமும் அங்கரேஜும் ஒரு விதத்தில் ஒன்றுதான். அங்கரேஜ் 1915இல் ரயில்பாதை போட வந்தவர்களின் கூடாரங்களில் இருந்து முளைத்த ஊர். அம்பாறை நகரம் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்தது. இரண்டு ஊருக்கும் முன்னால் அந்த வழியில் விலங்குகள் நடந்துகொண்டிருந்தன. பாதையை மறித்துக் குடியேறியவர்கள் நாங்கள் என்பதை ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிவதற்கு முன்பே சொல்லிக் கொடுக்கிறது.

விலங்கு மட்டுமல்ல. அங்கரேஜின் கடலோரம் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒன்பது மீற்றர் அளவில் வித்தியாசம். எங்கள் வாவிச் சேற்றில் விளையாடி வளர்ந்தவள் என்ற துணிவில் காலை வைக்கப் போனேன். "சின்னம்மா, வேண்டாம்!" என்று மகள் கத்திய கத்தலில் நின்றுவிட்டேன். பனிப்பாறை அரைத்த மாவு அது. கால் புதைந்தால் இறுகும், அதற்குள் தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் அந்தக் கடலோரப் பாதையிலேயே ஒரு பூங்கா. 1964 மார்ச் 27, பெரிய வெள்ளி, 9.2 அளவில் பூமி அதிர்ந்தபோது ஒரு குடியிருப்பே கடல்பக்கம் சரிந்த இடம். திரும்ப வீடு கட்டாமல், நிலம் மேடும் பள்ளமுமாகக் கிழிந்து கிடந்தபடியே விட்டு, மரம் வளர்ந்து, பூங்கா ஆகியிருக்கிறது. அங்கே நின்றபோது 2004 சுனாமியில் அழிந்த நாவலடியும், அதில் சாய்ந்த எங்கள் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரமும் நினைவில் வந்து, கொஞ்ச நேரம் மகளோடு பேச முடியவில்லை.

அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2017இல் மலையோட்டப் போட்டிக்குப் போன 16 வயதுப் பையனைக் கறுப்புக் கரடி கொன்றது. எத்தனை சொல்லிக் கொடுத்தாலும் காடு காடுதான். ஆனாலும் ஒரு பயணியாக நான் இறங்கிய நாளில் இருந்து, எங்கே நிற்கிறாய் என்பதை அந்த ஊர் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது, பலகையில், தொட்டி மூடியில், ஒரு குழந்தையின் வாயில். பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதியவர்கள் இதைத்தான் பார்க்காமல் போயிருக்கிறார்கள்.

பொத்துவிலில் இருந்து மொனறாகலை போகிற வீதியில் லாகுகலையைக் கடக்கும் எங்கள் வாகனங்களைப் பாருங்கள். யானையைக் கண்டதும் நடுவீதியில் நிறுத்தி, வாழைப்பழம் எறிந்து, இறங்கி நின்று செல்பி. பழம் எறிந்தவர் அரை மணியில் அறுகம்பையில் குளிப்பார். பழத்துக்காக வாகனத்தை மறிக்கப் பழகிய யானை, இரவு மோட்டார்சைக்கிளில் வருகிற அந்த ஊர்ப் பையனை மறிக்கும். தயவு செய்து செய்யாதீர்கள். உங்கள் வாகனச் சாரதி செய்தாலும் விடாதீர்கள்.

யானைக்குப் போடும் மின்வேலி பற்றி அறிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். காட்டின் எல்லையில் போடாமல் ஊரையும் வயலையும் சுற்றிப் போடுங்கள், வயல்வேலியை அறுவடை முடியக் கழற்றுங்கள் என்று 2020இல் தயாரித்த தேசியச் செயற்திட்டத்திலும் அந்த யோசனை இருக்கிறது. அது நடக்க வேண்டும், அதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குப்பையைப் பிரிக்கவும், பார்சல் தாளைக் குறைக்கவும் எந்தத் திட்டமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டோம். அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் செய்கிறோம்.

இந்த மார்கழிக்குப் பேத்தி முதல்முறை ஊருக்கு வருகிறாள். போன ஞாயிறு வீடியோவில் வந்து, வெல்லாவெளியில் யானை வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். "அப்ப ஓடணுமா, நிக்கணுமா அம்மம்மா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. கல்லடிக்கு வந்து முப்பது வருடம், மறந்துபோயிருக்கிறேன். தம்பிக்குப் போன் போட்டு, கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். அவன் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வவுணதீவு, கிரான், போரதீவுப் பக்கத்தில் இருக்கிறவர்கள் உங்கள் அப்பா, தாத்தா சொல்லித் தந்ததைக் கீழே எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன். தம்பி சொன்ன முதல் வரி இது: "கண்டவுடன லைற்றை அடிச்சுப் பாக்காத. வந்த வழியால சத்தமில்லாமத் திரும்பு."